டேக்ஆஃப்பில் எஞ்சின் நின்றால்: லோடு ஏற்றிய விவசாய விமானத்தைத் தரைக்குக் கொண்டுவரும் முறை

கமர்ஷியல் லைசென்ஸ் கையில் இருந்து, மருந்து தெளிக்கும் விமானத்தில் முதல் ஒன்றிரண்டு சீசன் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விமானம் என்று இங்கே சொல்வது ஏர் டிராக்டர் ஏடி-502, ஏடி-802, த்ரஷ் 510 போன்ற ஒற்றை எஞ்சின், வால் சக்கர டர்பைன் விமானங்களை. இடம் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸின் ரிவரினா பகுதி. கிரிஃபித், லீட்டன், டெனிலிக்வின் சுற்றுவட்டாரத்தில் நெல்லும் கோதுமையும் விளையும் பண்ணைகளுக்குள் இருக்கும் மண் ஸ்ட்ரிப்புகள், அதாவது சிறிய ஓடுதளங்கள்.

உங்கள் விமானத்தின் ஃப்ளைட் மேனுவல் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் மேனுவல்படிதான் செய்ய வேண்டும். மேனுவலில் இருக்கும் செக்லிஸ்ட்டை எல்லாரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். தடுமாறுவது வரிசையில்தான். அதனால் எதை எதற்கு முன் செய்வது, ஏன் என்பதைப் பற்றியே இங்கே அதிகம் பேசுகிறேன்.

1. முதல் லோடுக்கு முன் ஸ்ட்ரிப்பின் இரண்டு முனைகளையும் பாருங்கள்

புதிய ஸ்ட்ரிப்புக்குக் காலியாக வந்து இறங்கும்போதே இரண்டு முனைகளுக்கும் அப்பால் ஒரு கிலோமீட்டர் வரை மேலிருந்து பார்த்துவிடுங்கள். பார்க்க வேண்டியவை நான்கு: கம்பி, மரம், வாய்க்கால், வரப்பு. நெல் வயலில் தண்ணீர் கட்டியிருக்கிறதா, கோதுமை அறுத்துத் தாள் மட்டும் நிற்கிறதா என்பதும் முக்கியம்.

இந்தப் பக்கத்தில் மிக மோசமான எதிரி ஒற்றைக் கம்பி மின்லைன். பண்ணை வீடுகளுக்கு ஒரே கம்பியில் மின்சாரம் போகும். கம்பத்துக்குக் கம்பம் தூரம் அதிகம், கம்பியோ மெல்லிசு. கம்பியைக் கண்ணால் தேடினால் கிடைக்காது, கம்பத்தைத் தேடுங்கள். ஒரு கம்பம் தெரிந்தால் அடுத்த கம்பத்தையும் கண்டுபிடிக்கும் வரை விடாதீர்கள்.

பார்த்ததை வைத்து, ஒவ்வொரு திசைக்கும் ஒரு வயலை முடிவு செய்யுங்கள். "இந்தப் பக்கம் ஏறினால் இடது பக்கத் தாள் வயல். அந்தப் பக்கம் ஏறினால் நேரே மேய்ச்சல் நிலம்." இதை இப்போதே முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம், எஞ்சின் நின்ற பிறகு வயல் தேட உங்களுக்கு நேரம் இருக்காது என்பதுதான். தேடும் கண் எப்போதும் பின்னால் இருக்கும் ஸ்ட்ரிப்பை நோக்கித்தான் போகும்.

2. எடை, வேகம், நிறுத்தும் இடம்

ஏடி-802-இன் ஹாப்பர் (மருந்துத் தொட்டி) 800 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 3,030 லிட்டர். தண்ணீர் கலந்த மருந்து என்றால் மூன்று டன். விமானத்தின் உச்ச எடை 16,000 பவுண்ட், அதாவது ஏறத்தாழ 7,260 கிலோ. நாற்பது சதவீதத்துக்கு மேல் எடை உங்கள் முன்னால் இருக்கும் ஒரே தொட்டியில் இருக்கிறது.

ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாமல் போகும் வேகம், எடையின் வர்க்கமூலத்தோடு மாறும். அந்த மூன்று டன்னைக் கொட்டிவிட்டால் ஸ்டால் வேகம் ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது. லோடோடு 80 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், கொட்டிய பின் 61 நாட் வேகத்தில்தான் ஆகும். இந்த 19 நாட்தான் உங்கள் சேமிப்பு. சாதாரண ஒற்றை எஞ்சின் விமானத்தில் விமானிக்கு இப்படி ஒரு வசதி கிடையாது.

காகிதத்தில் மூன்று எண்களை எழுதிப் பேனலில் ஒட்டிக்கொள்ளுங்கள்: இன்றைய எடையில் தரையை விடும் வேகம், லோடோடு கிளைடு வேகம் (எஞ்சின் இல்லாமல் மிதந்து இறங்கும் வேகம்), காலியாகக் கிளைடு வேகம். கடைசி இரண்டும் ஒன்றல்ல என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். கிளைடு விகிதத்தை எடை மாற்றாது. அந்த விகிதம் கிடைக்கும் வேகத்தைத்தான் மாற்றும்.

அப்புறம் ஓடுதளத்தில் ஓர் அடையாளம். பாதித் தூரத்தில் ஒரு பழைய டயரை வெள்ளையடித்து ஓரமாகப் போட்டுவிடச் சொல்லுங்கள். அந்த டயரைக் கடக்கும்போது தரையை விடும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அங்கேயே நிறுத்துவது. காலையில் போதுமானதாக இருந்த ஓடுதளம் மதியம் 40 டிகிரி வெயிலில் போதாமல் போகும். மழைக்குப் பிறகு மண் சக்கரத்தைப் பிடிக்கும். டயர் இருந்தால் இதையெல்லாம் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை.

புதிய ஸ்ட்ரிப்பில் முதல் லோடு பாதிதான். பண்ணைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

3. டம்ப் உண்மையில் கொட்டுகிறதா?

டம்ப் என்பது ஹாப்பரை அவசரமாகக் கொட்டும் கதவு. அது எவ்வளவு வேகமாகக் கொட்ட வேண்டும் என்பதில் நாட்டுக்கு நாடு விதி வேறுபடும். அமெரிக்காவில் பார்ட் 137 விதிப்படி, நெரிசலான குடியிருப்புப் பகுதிக்கு மேல் பறப்பதென்றால் உச்ச லோடில் பாதியை 45 விநாடிக்குள் கொட்ட முடிய வேண்டும். மலைச்சரிவில் உரம் தூவும் நியூசிலாந்தில் கேட்பது, ஹாப்பர் லோடில் 80 சதவீதம் 5 விநாடிக்குள். டேக்ஆஃப்பில் எஞ்சின் நிற்கும் நிலைக்கு இரண்டாவது எண்தான் பொருந்தும். 45 விநாடி அவகாசம் அங்கே யாருக்கும் கிடைக்கப் போவதில்லை.

திரவம் நன்றாகக் கொட்டும். உரம், விதை விஷயம் வேறு. ஈரம் ஏறிய சுண்ணாம்பும் சூப்பர் பாஸ்பேட்டும் கட்டிதட்டி ஹாப்பருக்குள் வளைவு கட்டி நின்றுவிடும். கதவு திறந்திருக்கும், ஒன்றும் விழாது. ஊறவைத்து முளைகட்டிய நெல் விதையை ஏற்றும் அக்டோபர் மாதத்தில் இதே தொல்லை உண்டு. உரமும் விதையும் தூவும் ஸ்ப்ரெடர் மாட்டியிருந்தால் அதன் வாய் வழியாகத்தான் எல்லாம் போக வேண்டும். ஸ்ப்ரே செட்டப்பில் பழகிய வேகத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். சீசன் தொடக்கத்திலும், ஸ்ப்ரேயிலிருந்து ஸ்ப்ரெடருக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும், தரையில் கொஞ்சம் லோடு போட்டு டம்ப் லீவரை முழுதாக இழுத்துப் பாருங்கள். லீவர் எவ்வளவு கனக்கிறது என்பது கைக்குத் தெரிய வேண்டும். விரல் நுனியால் இழுத்தால் சில விமானங்களில் பாதிதான் வரும். முழங்கையை மடக்கி, தோளிலிருந்து இழுக்க வேண்டும். கதவின் ரப்பர் சீலில் காய்ந்த மருந்து ஒட்டிப் பிடித்திருப்பதும் அப்போதுதான் தெரியவரும்.

4. எரிபொருளும் எஞ்சினும்

இந்தப் பகுதி சுருக்கமாகப் போதும், மெக்கானிக் உங்களைவிட நன்றாகச் சொல்வார். ஆனால் இரண்டு வேலைகள் விமானியுடையவை.

ஒன்று, ஒவ்வொரு நாள் காலையிலும், டேங்கரிலிருந்து நிரப்பிய பிறகும், டேங்க்கின் அடியில் இருக்கும் சம்ப்பிலிருந்து எரிபொருளைக் கண்ணாடி ஜாடியில் பிடித்துப் பார்ப்பது. நிரப்பிய உடனே பிடித்தால் தண்ணீர் இன்னும் கீழே இறங்கியிருக்காது. சற்றுப் பொறுத்துப் பிடியுங்கள்.

இரண்டு, பவர் செக். அன்றைய வெப்பநிலைக்கும் உயரத்துக்கும் வர வேண்டிய டார்க் (எஞ்சினின் முறுக்குவிசை) எவ்வளவு என்று சார்ட்டில் பார்த்து, அது வரும்போது ஐடிடி (டர்பைனின் உள் வெப்பநிலை) எங்கே நிற்கிறது என்று எழுதி வையுங்கள். நேற்றுக்கும் இன்றைக்கும் ஒரே டார்க்குக்கு ஐடிடி ஏறியிருந்தால் கேள்வி கேட்க வேண்டும். மருந்துத் தூசியும் உரத்தூசியும் குடித்து ஓடும் எஞ்சின் இது. கம்ப்ரெஸர் வாஷைத் தள்ளிப்போட்டதன் பலன் இந்த எண்ணில்தான் முதலில் தெரியும்.

5. ஒவ்வொரு டேக்ஆஃப்புக்கும் வாய்விட்டுச் சொல்லுங்கள்

சீசனில் ஒரே நாளில் முப்பது, நாற்பது டேக்ஆஃப் சாதாரணம். இருபதாவது டேக்ஆஃப்பில் மனம் அடுத்த வயலில் இருக்கும், ஜிபிஎஸ் திரையில் இருக்கும், மதியச் சாப்பாட்டில் இருக்கும். அதனால்தான் வாய்விட்டுச் சொல்வது. மனதுக்குள் சொன்னால் பாதியில் நழுவிவிடும்.

நான் பயிற்சி கொடுப்பவர்களுக்குச் சொல்லித்தருவது இவ்வளவுதான்: "டயருக்கு முன் குறைந்தால் நிறுத்து. டயருக்குப் பின் நின்றால் மூக்கு, டம்ப், இடது தாள் வயல்." ஸ்ட்ரிப் மாறினால், திசை மாறினால், காற்று மாறினால் கடைசிச் சொல் மட்டும் மாறும்.

சொல்லும்போது இடது கையால் டம்ப் லீவரைத் தொடுங்கள். பவர் லீவரை முன்னே தள்ளி, டார்க் நிலைத்து, லீவர் நகராமல் இறுக்கும் ஃப்ரிக்‌ஷன் பிடித்த பிறகு, சக்கரம் தரையை விடும் நேரத்தில் அந்தக் கை டம்ப் லீவரில் இருக்க வேண்டும். தெளிப்புக்குப் பயன்படுத்தும் லீவரும் டம்ப் லீவரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் விமானத்தில், தவறான லீவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர்கள் உண்டு. பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அவர்களாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

6. சக்கரம் தரையில் இருக்கும்போது நின்றால்

வரிசை: பவர் லீவர் ஐடில், ஸ்டிக் வயிற்றுக்கு, பிரேக், டம்ப்.

பவரை முதலில் குறைப்பது, நின்றுபோன எஞ்சின் பாதியில் உயிர் பெற்று விமானத்தை மறுபடி தள்ளாமல் இருக்க. ஸ்டிக்கைப் பின்னே இழுப்பது வால் சக்கரத்தைத் தரையில் அழுத்த. அது இல்லாமல் பிரேக்கை மிதித்தால் வால் தூக்கும், அல்லது விமானம் பக்கவாட்டில் சுழலும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டர்பைன் ஓட்டுகிறவர்கள் தினமும், பிராப் காற்றை முன்னோக்கித் தள்ளும் ரிவர்ஸில்தான் நிறுத்துகிறார்கள். பிரேக்கைத் தொடுவதே அபூர்வம். எஞ்சின் நின்றால் ரிவர்ஸ் கிடையாது. பிரேக்கை மட்டும் நம்பி இந்த மண்ணில் எவ்வளவு தூரம் ஓடும் என்பது பலருக்குத் தெரியவே தெரியாது. காலி விமானத்தோடு ஒரு மாலையில் ரிவர்ஸ் இல்லாமல் நிறுத்திப் பாருங்கள். டயரை எங்கே போட வேண்டும் என்ற எண்ணமே மாறிவிடும்.

தரையில் ஓடும்போது டம்ப் செய்யத் தயங்குகிறார்கள். மருந்து விலை, ஸ்ட்ரிப்பைச் சுத்தம் செய்யும் செலவு, முதலாளியின் முகம் எல்லாம் ஒரு நொடியில் மனதில் வந்து போகும். மூன்று டன்னைச் சுமந்துகொண்டு பிரேக் பிடிப்பதற்கும் காலியாகப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம், வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைத் தீர்மானிக்கும். நிறுத்த முடியுமா என்ற சந்தேகம் வந்தாலே கொட்டுங்கள்.

7. தரையை விட்ட பிறகு நின்றால்: மூக்கு முதலில், லோடு இரண்டாவது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

எதிர்பாராமல் எஞ்சின் நின்றால், நடந்தது என்ன என்று மூளை ஏற்றுக்கொண்டு கை அசைவதற்குச் சுமார் 4 விநாடி ஆகும் என்று பயிற்சிகளில் கணக்கு வைப்பது வழக்கம். லோடோடு ஏறிக்கொண்டிருக்கும் விமானம், மூக்கு அதே இடத்தில் நின்றால், விநாடிக்கு மூன்று நான்கு நாட் இழக்கும். நான்கு விநாடியில் பதினைந்து நாட் வரை போய்விடும். டேக்ஆஃப்பில் ஸ்டாலுக்கு மேல் உங்கள் கையில் இருந்ததே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஆகவே முதல் அசைவு ஸ்டிக்கை முன்னே தள்ளுவது. மெதுவாகத் தளர்த்துவது போதாது. விண்ட்ஷீல்டில் வயல் நிரம்பும் வரை தள்ள வேண்டும். ஐம்பது அடியில் இதைச் செய்ய உடம்பே மறுக்கும்.

இரண்டாவது அசைவு டம்ப். சரி, கொட்டினால்தானே ஸ்டால் வேகம் குறைகிறது, அதையே முதலில் செய்தால் என்ன என்று கேட்பார்கள். காரணம் இருக்கிறது. மூன்று டன் திடீரென்று விழும்போது இறக்கையின் தூக்குவிசை எடைக்கு மிஞ்சிப் போகிறது. விமானம் மேலே எழும்பும், மூக்கும் தூக்கும். ஸ்டிக் ஏற்கெனவே முன்னால் இருந்தால் அந்த எழும்பலை அடக்கிக்கொள்ளலாம். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது கொட்டினால், எஞ்சின் இல்லாத விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஐம்பது அடி எழும்பி, அங்கே வேகமில்லாமல் நிற்கும். அதற்குப் பிறகு நடப்பதை விவரிக்க வேண்டியதில்லை.

வலது கை ஸ்டிக்கில், இடது கை டம்ப்பில் இருப்பதால் இரண்டுக்கும் இடையே அரை விநாடிதான் இருக்கும். ஆனாலும் அந்த வரிசை கைக்குப் பழகியிருக்க வேண்டும். கொட்டும்போது கூடுதலாக முன்னே தள்ளத் தயாராக இருங்கள். கொட்டி முடித்ததும் காலி விமானத்தின் கிளைடு வேகம் வரும் வரை மூக்கைச் சரிசெய்யுங்கள்.

மூன்றாவது, உயரம் இருந்தால் மட்டும், பிராப் லீவரை ஃபெதருக்கு, அதாவது இலைகளின் விளிம்பு காற்றுக்கு நேராக நிற்கும் நிலைக்கு, இழுப்பது. இவற்றில் பலவற்றில் இருக்கும் பிடி6ஏ டர்பைன் எஞ்சினில் பிராப்பும் கம்ப்ரெஸரும் ஒரே தண்டில் இல்லை. எஞ்சின் அணைந்து பிராப்பின் சுழற்சி குறையும்போது, சுழற்சியைச் சீராக வைக்கும் கவர்னர் கருவி அதைச் சரிக்கட்டப் பார்த்து, இலைகளைத் தட்டையாகத் திருப்பும். முன்னால் ஒரு பெரிய தட்டு நிற்கும், காற்று அதில் மோதும். எண்ணெய் அழுத்தம் குறையக் குறையத் தானாகவே ஃபெதருக்குப் போகும்தான். அதுவரை காத்திருக்க உயரம் போதாது. நூறு அடிக்குக் கீழே என்றால் இதை மறந்துவிட்டு விமானத்தை ஓட்டுங்கள்.

பவர் லீவரை ஐடிலுக்குப் பின்னால், பீட்டா (ரிவர்ஸுக்குப் போகும் வழி) பக்கம் இழுக்கவே கூடாது. பதற்றத்தில் எல்லா லீவரையும் பின்னே இழுக்கும் கை இதைச் செய்துவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்யப் பார்ப்பதும் வேண்டாம். அதற்குத் தேவையான உயரத்துக்கு நம் வேலையில் நாம் போவதே இல்லை.

8. திரும்பாதீர்கள்

இதில் விவசாய விமானிகளுக்கு மற்றவர்களைவிட ஆபத்து அதிகம். காரணம், வயல் முனையில் தாழ்வாக, செங்குத்தாகச் சாய்ந்து திரும்புவதுதான் நம் தினசரி வேலை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை திரும்பிய கை, இதுவும் அப்படித்தான் என்று நம்பிவிடும். அந்தத் திருப்பங்கள் எல்லாவற்றிலும் எஞ்சின் இழுத்துக்கொண்டிருந்தது.

கணக்கைப் பாருங்கள். 80 நாட்டில், 45 டிகிரி சாய்வில் 180 டிகிரி திரும்ப 13 விநாடி ஆகும். இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 1,000 அடி என்று மிகத் தாராளமாக வைத்தாலும் 220 அடி போய்விடும். முதல் நான்கு விநாடித் திகைப்பு இதில் சேரவில்லை. 180 டிகிரி திரும்பினாலும் ஸ்ட்ரிப்புக்கு நேராக வரமாட்டீர்கள், பக்கத்தில் முந்நூறு மீட்டருக்கு மேல் தள்ளி இருப்பீர்கள். 45 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம் 19 சதவீதம் ஏறும், 60 டிகிரியில் 41 சதவீதம். டம்ப் செய்து சம்பாதித்த சேமிப்பில் பெரும்பகுதியை, செங்குத்தாகச் சாய்ந்தால் முழுவதையும், திருப்பம் தின்றுவிடும்.

இத்தனைக்குப் பிறகு, காற்று முதுகில் இருக்கும். பத்து நாட் காற்றில் 80 நாட்டில் தரையைத் தொட்டால், எதிர்காற்றில் தரை வேகம் 70, பின்காற்றில் 90. மோதும் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் அது 65 சதவீதம் அதிகம்.

மூக்குக்கு இருபக்கமும் 30 டிகிரிக்குள் கிடைக்கும் இடம்தான் உங்கள் இடம். முதல் படியில் வயலை முடிவு செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

9. பாதி பவர் மட்டும் போனால்

முழுதாக நிற்பதைவிட இது மோசம். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான ஏடிஎஸ்பி, 2000 முதல் 2010 வரை ஒற்றை எஞ்சின் விமானங்களைப் பற்றித் தந்த கணக்கில், டேக்ஆஃப்புக்குப் பின் பவர் ஓரளவு மட்டும் குறைந்த சம்பவங்கள் 242, அதில் உயிர்ப்பலி நேர்ந்தவை 9. எஞ்சின் முழுதாக நின்றவை 75, அதில் உயிர்ப்பலி ஒன்றுகூட இல்லை. முழுதாக நின்றால் முடிவு எடுக்க ஒன்றுமில்லை, நேரே இறக்கிவிடுகிறார்கள். பாதி நின்றால் திரும்பிப் போய்விடலாம் என்ற ஆசை வந்துவிடுகிறது.

டர்பைனில் இதற்குப் பழக்கமான காரணம், எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவிக்குக் காற்றழுத்தம் கொண்டுபோகும் பி3 குழாயில் கசிவு அல்லது விரிசல். எஞ்சின் அணையாது. ஐடிலுக்கு இறங்கி அங்கேயே நிற்கும், பவர் லீவரை எவ்வளவு தள்ளினாலும் ஏறாது. சத்தம் இருக்கும், பிராப் சுழலும், இழுப்பு இருக்காது. அந்தச் சத்தம்தான் ஏமாற்றும்.

செய்ய வேண்டியது அதேதான்: மூக்கு, டம்ப். கொட்டிய பிறகு மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: காலி விமானம் இந்தப் பவரில் உயரம் இழக்காமல், வேகம் குறையாமல் பறக்கிறதா? பறந்தால், சாய்வு 15 டிகிரியைத் தாண்டாமல், இறங்கக்கூடிய வயல்களின் மேலாகவே அகலமாகச் சுற்றி வாருங்கள். எந்த நொடியும் மிச்சப் பவரும் போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பறக்காவிட்டால் நேரே இறக்கம்தான். இதில் நடுவழி கிடையாது. "கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்குகிறது" என்பதும் இறக்கம்தான்.

மேனுவல் ஓவர்ரைடு உள்ள எஞ்சினாக இருந்தால், அதைத் தொடுவது டம்ப்புக்குப் பிறகு, கைக்கு நேரம் இருந்தால் மட்டும். அதில் எரிபொருளைத் தானாகக் கட்டுப்படுத்தும் அமைப்பு குறுக்கே இல்லாததால் மிக மெதுவாகத் தள்ள வேண்டும். அவசரமாகத் தள்ளினால் இருக்கும் எஞ்சினையும் சுட்டுவிடுவீர்கள்.

10. எந்த வயல், எந்தத் திசை

தாள் வயல் சிறந்தது. மேய்ச்சல் நிலம் அடுத்தது. உழுத வயலில் உழவுசாலின் போக்கிலேயே இறங்குங்கள், குறுக்கே வேண்டாம். நெல் வயலில் வரப்புக்கு இணையாக இறங்க வேண்டும். தண்ணீர் கட்டிய வயலில் வால் சக்கர விமானம் பெரும்பாலும் கவிழும் என்று எதிர்பார்த்தே இறங்குங்கள். மக்காச்சோளம், சூரியகாந்தி போன்ற உயரமான பயிரில், பயிரின் தலைமட்டத்தையே தரையாக எண்ணி அதன்மேல் குறைந்த வேகத்தில் உட்கார வையுங்கள். அடியில் இருக்கும் மண்ணை நோக்கி ஓட்டினால் பயிர் சக்கரத்தைப் பிடித்துக் குப்புறத் தள்ளும்.

சாலை கண்ணுக்கு அழகாகத் தெரியும். கம்பம், கம்பி, வேலி, பால் வண்டி எல்லாம் அதன் ஓரத்தில்தான் இருக்கின்றன.

கம்பி குறுக்கே வந்தால், மேலே தாண்ட வேகம் இல்லாதபோது இழுக்காதீர்கள். அடியில் போவது மேல். ஸ்டால் ஆகி விழுவதைவிடக் கம்பியில் உரசுவதே பிழைக்க வழி தரும். விண்ட்ஷீல்டிலும் சக்கரக் காலிலும் இருக்கும் கம்பி வெட்டிகள் அதற்காகத்தான். மரங்கள் தவிர்க்க முடியாதவை என்றால் இரண்டு மரங்களுக்கு நடுவே உடலைச் செலுத்தி இறக்கைகளைப் பலிகொடுங்கள்.

கட்டுப்பாட்டோடு மோதுவதன் மதிப்பை ஓர் எண் சொல்லும். 9 ஜி என்ற சீரான வேகத்தடையில், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து நிற்க மூன்று மீட்டருக்கும் குறைவான தூரம் போதும். 160-லிருந்து நிற்க 11 மீட்டர் வேண்டும். வேகம் பாதியானால் தேவைப்படும் தூரம் நாலில் ஒன்றாகிறது. எஞ்சினும் ஹாப்பரும் முன்னால், விமானி பின்னால், சுற்றிலும் குழாய்க் கூண்டு என்று இந்த விமானங்கள் கட்டப்பட்டிருப்பதே இதற்காக. இறக்கை சாயாமல், மூக்கு குத்தாமல், பறந்துகொண்டே தரைக்கு வந்தால் கூண்டு தன் வேலையைச் செய்யும்.

11. தொடுவதற்கு முன் கடைசி விநாடிகள்

நேரம் இருந்தால் மட்டும் இந்த வரிசை: ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்புத் தகடு), கதவு, எரிபொருள், மாஸ்டர் (மொத்த மின்சார சுவிட்ச்).

ஏர் டிராக்டரில் ஃபிளாப் மின்மோட்டாரில் ஓடுகிறது. மாஸ்டரை முதலில் அணைத்தால் ஃபிளாப் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். செக்லிஸ்ட்டை ஒப்பிக்கும் அவசரத்தில் எல்லாரும் செய்யும் பிழை இதுதான். வயல் உறுதியான பிறகே முழு ஃபிளாப். முன்கூட்டியே போட்டால் வயலுக்கு முன்னாலேயே இறங்கிவிடுவீர்கள். இறக்கிய ஃபிளாப்பை நடுவில் ஏற்றவும் வேண்டாம், விமானம் பொத்தென்று இறங்கும்.

கதவுத் தாழ்ப்பாளைத் திறந்து வைப்பது, சட்டம் கோணினால் கதவு சிக்கிக்கொள்ளாமல் இருக்க. எரிபொருளை அடைப்பது தீக்கு. மாஸ்டர் கடைசி.

இதில் எதற்காகவும் கண்ணைக் காக்பிட்டுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். ரேடியோவும் அப்படித்தான். மருந்து ஏற்றிவிடும் லோடர் தரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார், அவருக்கே தெரியும்.

12. விமானம் நின்ற பிறகு

கவிழ்ந்திருந்தால் பெல்ட்டை உடனே அவிழ்க்காதீர்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அவிழ்த்தால் முழு எடையும் கழுத்தில் இறங்கும். ஒரு கையைக் கூரையில் ஊன்றி, கால்களை முட்டுக்கொடுத்து, அப்புறம் அவிழ்க்க வேண்டும். அதற்கு முன் ஹெல்மெட் வயரைக் கழற்றுங்கள். வெளியே வந்ததும் காற்று வரும் திசை நோக்கி நடந்து தூரம் போங்கள். எரிபொருளும் மருந்தும் காற்றோடு போகட்டும்.

உடம்பில் மருந்து பட்டிருந்தால் உடனே உடையைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் தோல் வழியாகவே உள்ளே போகும். மருந்தின் பெயரையும் பாதுகாப்புத் தாளையும் லோடர் ஆம்புலன்ஸ்காரரிடம் கொடுக்க வேண்டும். இன்று எந்த மருந்து ஏறியிருக்கிறது, தாள் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை காலையிலேயே லோடரிடம் பேசிக்கொள்ளுங்கள். கழுவும் தண்ணீர் டேங்க் லோடிங் வண்டியிலேயே இருக்கட்டும்.

13. பழகும் முறை

இத்தனையையும் படித்துவிட்டுப் போனால் கை செய்யாது. ஹாப்பரில் தண்ணீர் ஏற்றி, மேலே மூவாயிரம் அடிக்குப் போங்கள். இரண்டு சீட் ஏடி-504 கிடைத்தால் பயிற்சியாளரோடு செய்வது நல்லது. அனுமதி உள்ள, கீழே யாரும் இல்லாத இடமாக இருக்க வேண்டும்.

ஏறும் நிலையில் வைத்து, டேக்ஆஃப் ஃபிளாப்போடு, பவரை ஐடிலுக்குக் குறையுங்கள். மூக்கைத் தொடாமல் நான்கு வரை எண்ணுங்கள். வேகமானியைப் பாருங்கள். பெரும்பாலானோருக்கு இந்த முதல் பாடமே போதும். அடுத்த முறை உடனே தள்ளிப் பாருங்கள். மூன்றாம் முறை தள்ளிவிட்டுக் கொட்டுங்கள். கொட்டும்போது ஸ்டிக் கையில் எப்படி முட்டுகிறது, எவ்வளவு கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கிறது என்பதை அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும்.

பிறகு, பவரைக் குறைத்து 180 டிகிரி திரும்பி, எவ்வளவு உயரம் இழந்தீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஐடிலில் ஓடும் பிராப்பின் தடையும், நின்ற எஞ்சினின் பிராப் தடையும், ஃபெதர் செய்த தடையும் வேறுவேறு என்பதால் அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அதோடு, எப்போது குறைப்பார்கள் என்று உங்களுக்கு முன்பே தெரியும். உண்மையில் அதைவிட மோசமாகத்தான் வரும். எழுதிய எண்ணைப் பேனலில், முதலில் ஒட்டிய மூன்று எண்களுக்குக் கீழே ஒட்டுங்கள்.

இந்தப் பயிற்சி சீசனுக்கு ஒரு முறை போதாது. இரண்டு மூன்று வாரம் மழையால் வேலை நின்று, மறுபடி தொடங்கும் நாளில் முதல் லோடுக்கு முன் ஒரு தண்ணீர் லோடு போட்டுக் கொட்டிவிட்டு வாருங்கள். டம்ப் கதவின் சீலும் அதிலேயே கழுவிப் போகும்.